மூன்று இடத்தில் பிறந்த அண்ணாச்சி

எங்கள் வங்கியின் விருதுநகர் கிளைக்குள் மூன்று இடங்களில் பிறந்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். மேனேஜர் அறையில் பிறந்ததாக மேனேஜரிடம் சொல்லியிருந்தார். லாக்கர் அறையில் பிறந்ததாக லாக்கர் பார்க்கும் ஆபீசரிடம் சொல்லியிருந்தார். நான் மாற்றலாகி வந்து நகைக்கடன் மேசையில் உட்கார்ந்த முதல் நாள், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "தாயி, நீ ஒக்காந்திருக்க எடத்துலதான் நான் பொறந்தேன். பாத்து ஒக்காரு" என்றார். நான் பதறிப்போய் எழுந்துவிட்டேன். அடகு வைக்க வந்திருந்த அம்மாவும் என்னோடு சேர்ந்து எழுந்துவிட்டார்.

அவர்தான் அந்தக் கட்டிடத்தின் சொந்தக்காரர். விருதுநகரில் தடுக்கி விழுந்தால் ஓர் அண்ணாச்சி மேல்தான் விழவேண்டும். ஆனாலும் எங்கள் கிளையில் அண்ணாச்சி என்றால் இவர் ஒருவர்தான். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தூங்குவதற்குப் பின்தெருவில் ஒரு சின்ன வீடு வைத்திருந்தார். மற்ற நேரமெல்லாம் எங்களோடுதான். வங்கிக்கு வீட்டை வாடகைக்கு விட்டதாக ஊர் நினைத்தது. வங்கியைத் தன் வீட்டில் கொஞ்ச நாள் தங்க வைத்திருப்பதாக அவர் நினைத்தார்.

வீடு அவருடைய தாத்தா மிளகாய் வத்தல் வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டியது. பர்மாத் தேக்குத் தூண்கள், வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி பட்டாசல். பட்டாசல் என்றால் எங்கள் பக்கத்தில் கூடம். அந்தப் பட்டாசலில்தான் எங்கள் கவுண்டர்கள். மாடு கட்டிய தொழுவத்தில் ஏ.டி.எம். அரிசிப் பத்தாயம் இருந்த இடத்தில் லாக்கர். வத்தல் மூட்டை அடுக்கிய அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரும் தடிமன் என்று அதைப் பெட்டக அறை ஆக்கிவிட்டார்கள். காங்கிரீட் போட்டு, இரும்புக் கதவு மாட்டி, பெயின்ட் அடித்து என்னென்னவோ செய்தார்கள். மழை நாளில் கதவைத் திறந்தால் இன்னும் காரம் மூக்கில் ஏறும். கேஷியர் தும்முவார், காவலுக்கு நிற்கும் துப்பாக்கிக்காரர் தும்முவார். இதைப் பற்றி மேனேஜர் ஒருமுறை புகார் சொன்னபோது அண்ணாச்சி, "நல்லதுதான தம்பி. கள்ளன் வந்தாலும் தும்மியே மாட்டிக்கிருவான்" என்றார்.

காலையில் முதலில் உள்ளே வருவது அவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே சுற்றுவார். ராத்திரி நாங்கள் ஏதும் ஆணி அடித்துவிட்டோமா என்ற சந்தேகம். தூணில் ஆணி அடிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அதனால் டோக்கன் எண் காட்டும் மின்பலகையைத் தூணோடு சேர்த்துப் பழைய சேலைக் கிழிசலால் கட்டி வைத்திருந்தோம். இந்தியாவிலேயே சுங்கடிச் சேலையில் தொங்கிய டோக்கன் பலகை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பத்து மணி ஆனதும் நிலைக்கதவுப் பக்கம் போய் நின்றுகொள்வார். வருகிறவர்கள் எல்லாம் விருந்தாளிகள்.

"வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா? தலையக் குனிஞ்சு வாங்க, நெல தாழ்வு."

கடன் நோட்டீஸ் வாங்கிக் கொதித்துப்போய்ச் சண்டைக்கு வந்தவர்களும் இதைக் கேட்டதும், "சாப்பிட்டாச்சு அண்ணாச்சி" என்று குழைந்துவிடுவார்கள். அப்புறம் எங்கே சண்டை போட? ஒருமுறை தணிக்கைக்கு வந்த அதிகாரி இவரைப் பெரிய மேலதிகாரி என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அண்ணாச்சி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "காப்பி குடிச்சீகளா? கணக்கெல்லாம் பைய பாக்கலாம், என்ன அவசரம்" என்றார். அந்த வருடத் தணிக்கை சுமுகமாக முடிந்தது. அதற்கும் இவர்தான் காரணமோ என்னவோ.

ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வாரத்தில் ஒருநாள் வேனில் வந்து இறங்குவார்கள். வெடிமருந்து அறைக்குள் செருப்புப் போட்டுப் போகக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அந்தப் பழக்கத்தில் எங்கள் வங்கி வாசலிலும் செருப்பை வரிசையாகக் கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். அண்ணாச்சிக்குப் பூரித்துப் போகும். "ஒரு வீட்டுக்குள்ள எப்பிடி வரணும்னு இவுகளுக்குத்தான் தெரியுது" என்பார். அது வீட்டு மரியாதை இல்லை அண்ணாச்சி, வெடி பயம் என்று சொல்லிப் பார்த்தேன். நானும் ஆமத்தூர்க்காரிதான், என் அம்மாவும் அந்த வேலை பார்த்தவள்தான். அவர் காதில் விழவில்லை. தனக்கு வேண்டாதது விழாத காது அது.

மேனேஜர் சேலத்துக்காரர், ஆறடி உயரம். தாழ்வான வாசல்நிலையில் தினமும் ஒருமுறை நெற்றியை இடித்துக்கொள்வார். வெயில் நாளில் பட்டாசலில் உட்காரவே முடியவில்லை என்று ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து புலம்பியபோது, முற்றத்துக்கு மேலே கண்ணாடி போட்டு மூடி, உள்ளே ஏ.சி. வைக்க ஏற்பாடு செய்தார். ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். அண்ணாச்சி பின்தெருவுக்குப் போய் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். நடு முற்றத்தில் போட்டு மல்லாக்கப் படுத்தார்.

"அடிங்கலே. என் மேல விழுந்தா விழட்டும்."

மேனேஜர் கெஞ்சினார். "சார், சம்மர்ல கஸ்டமர் எல்லாம் அவியறாங்க சார்."

"வானத்த மூடுனா வீடு மூச்சு விடாது தம்பி. நீங்க சேலத்துல என்னமும் பண்ணுங்க."

ஆட்கள் மதியம் வரை நின்று பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் அந்தக் கோடை முழுவதும் வேர்த்து ஒழுகினோம். எனக்கு அவர் மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. தன் வீட்டுக்கு மூச்சு முட்டுமாம், எங்களுக்கு முட்டினால் பரவாயில்லையாம்.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் அவருடைய தம்பி மகன் ஒரு நாள் வந்தான். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவன். வளையல் ஒன்றை மீட்க வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தான். பேச்சுவாக்கில், "உங்க பெரியப்பா பிறந்த இடத்துலதான் உட்கார்ந்திருக்கேன்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் கவுண்டர் ஆடியது.

"பெரியப்பாவா? அவுக தலைச்சன் பிள்ளைல்ல! அவுக அம்மாவுக்கு ஆமத்தூர்லல்ல பிரசவம். தாய்வீட்டுல."

அடப்பாவி மனுஷா! தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு கிளை முழுக்க இருந்த படித்தவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நேராக அவரிடம் போய்க் கேட்டேன். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

"பொறந்தது அங்கன. நாள் முழுக்க அழுதுகிட்டே கெடந்தேனாம். இந்த வீட்டு வாசலுக்குக் கொண்டாந்ததும் அழுகைய நிறுத்திட்டேனாம். அப்ப எங்கன பொறந்தேன்னு நீயே சொல்லு தாயி."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த புது கிளார்க்கிடம், சாப்பாட்டு அறையில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்றைக்கு அந்தப் பையன் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனான். வீடு அண்ணாச்சிக்கு மட்டும் சொந்தமில்லை. இறந்துபோன இரண்டு தம்பிகளின் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கு வீட்டை இடித்துவிட்டு ஜவுளிக்கடைக் காம்ப்ளெக்ஸ் கட்ட வேண்டும். பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வங்கி இருக்கும்வரை வீட்டைத் தொடுவதில்லை. வங்கி காலி செய்தால் மறுநாளே இடிப்பது.

"வர்ற பங்குனியோட அக்ரிமெண்ட் முடியுதுக்கா. உங்க ஆளுக பைபாஸ்ல புது பில்டிங் பாக்காகளாமே?" என்று அவன் கேட்டபோது அவன் முகத்தில் அத்தனை பிரகாசம்.

உண்மைதான். பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதாவது, தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே குடித்தனக்காரரை அண்ணாச்சி தினமும் காலையிலிருந்து மாலை வரை அரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஆணி அடிக்காதே, கண்ணாடி போடாதே, குனிந்து வா. இதைச் சொல்லி அவரை எச்சரித்தேன். "அண்ணாச்சி, கொஞ்ச நாளைக்குக் கம்முனு இருங்க. மேலிடத்துலருந்து பாக்க வர்றாங்க." அவர் முகம் சுருங்கிப் போனது. முதல்முறையாக அவரிடம் பயத்தைப் பார்த்தேன்.

"எப்ப வாராக?"

"வெள்ளிக்கிழமை."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் போனால் வாசலில் இரண்டு பக்கமும் குலைவாழை. மாவிலைத் தோரணம். தட்டில் சந்தனம், குங்குமம், கல்கண்டு. பட்டு வேட்டியில் அண்ணாச்சி. பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற மாதிரிதான் இருந்தது. அவருக்கு அது பெண் பார்க்கிற சடங்கேதான், வீட்டைப் பிடித்துப்போக வேண்டுமே! மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை.

மதுரையிலிருந்து வந்த காரிலிருந்து இரண்டு அதிகாரிகளும் ஓர் என்ஜினியரும் இறங்கிப் படியில் கால் வைத்தார்கள். அண்ணாச்சி தெருக்கோடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். சரவெடி வெடிக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணமானாலும் கட்சிக்காரர் வந்தாலும் வெடி போடாமல் வரவேற்றால் அவமரியாதை. தம்பி மகனிடம் அவர் ஐயாயிரம் வாலா கேட்டிருந்தார். அவன் பாசத்தோடு பத்தாயிரம் வாலா அனுப்பியிருந்தான். பாசம் எதன்மேல் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சத்தம் தெருவிலிருந்து முற்றத்துக்குள் இறங்கி, தரையெல்லாம் அதிர்ந்தது. பெட்டக அறையில் அதிர்வைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. கொள்ளைக்காரன் சுவரை உடைக்கிறான் என்று அது முடிவு செய்தது. சைரன் ஊளையிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கு அதுவாகவே போன் போனது. துப்பாக்கிக்காரர் பட்டாளத்தில் இருந்தவர், பயிற்சியை மறக்காதவர். இரும்புக் கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார். ஓர் அதிகாரி உள்ளே, ஓர் அதிகாரி வெளியே. என்ஜினியர் பயந்து குனியாமல் ஓடி, நிலையில் மண்டையை இடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். போலீஸ் ஜீப் வந்து நின்றபோது வெடி இன்னும் முடியவில்லை. புகைக்குள் சந்தனத் தட்டோடு அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா?" என்றார்.

போச்சு, வீடு போச்சு என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் அந்த என்ஜினியர் நேர்மையானவர். புடைத்த நெற்றியோடு மாலைவரை மொட்டைமாடித் தட்டட்டியில் ஏறி, சுவரைத் தட்டி, உத்தரங்களைப் பார்த்தார். அத்தனை அதிர்வுக்கும் ஒரு சுண்ணாம்புச் செதில்கூட விழவில்லை, இந்தக் கட்டிடம் இன்னும் இரண்டு தலைமுறை நிற்கும் என்று சொல்லிவிட்டார். மேலிடத்தின் முடிவை மேனேஜர் எங்களுக்குச் சொன்னார். கட்டிடம் நன்றாக இருக்கிறது. கட்டிடக்காரரைத்தான் தாங்க முடியாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம், ஒரு நிபந்தனை உண்டு. உரிமையாளர் எக்காரணம் கொண்டும் கிளைக்குள் வரக் கூடாது. உள்ளே வங்கி செய்யும் எந்த மாற்றத்தையும் தடுக்கக் கூடாது.

கையெழுத்துப் போட வந்த அன்று தம்பி பிள்ளைகள் இஞ்சி தின்ற முகத்தோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். இவர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கை மட்டும் அவர்களுக்கு மிச்சமிருந்தது. மேனேஜர் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீடு நிக்கும்ல?"

"நிக்கும் சார்."

"அப்ப எங்கன போடணும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, நம்ம கிளைல ஒரு கணக்கு ஆரம்பிச்சுருங்க. கஸ்டமர்னா யாரும் தடுக்க முடியாது. நான் மேனேஜர்ட்ட பேசுறேன்."

"என் வீட்டுக்குள்ள நான் டோக்கன் எடுத்துக்கிட்டா வரணும்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வந்துவிடுவார் என்றே எல்லாரும் நினைத்தோம். மேனேஜர் துப்பாக்கிக்காரரிடம், "அவரை மரியாதையா திருப்பி அனுப்பணும், கை வைக்கக் கூடாது" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தேவைப்படவில்லை. அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாடிக்கையாளர்கள் வாசலில் தயங்கி நின்று, "அண்ணாச்சி எங்க?" என்று கேட்டார்கள். ஒருவர் கண் கலங்கி, "எப்ப தவறுனாக?" என்றே கேட்டுவிட்டார். கண்ணாடி போடும் ஆட்கள் மறுபடியும் ஏணியோடு வந்து முற்றத்தை மூடினார்கள். ஏ.சி. வந்தது. குளுகுளுவென்று இருந்தது. நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. எனக்கு என்னவோ உட்கார்ந்து வேலை பார்க்கவே பிடிக்கவில்லை.

அவர் எங்கும் போய்விடவில்லை. எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் இருந்தார். அந்த பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தால் எங்கள் தெருச்சன்னல் வழியாகப் பட்டாசலில் ஒரு துண்டும் ஒரு தேக்குத் தூணும் தெரியும். அந்த முனையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். சன்னலில் பழைய தேக்குக் கதவுகள் இருந்தன. வங்கி வந்த நாளிலிருந்து அவற்றை யாரும் சாத்தியதில்லை. ஏ.சி. காற்று வெளியே போகிறது என்று மேனேஜர் அடிக்கடி முணுமுணுப்பார். சாத்த வரவில்லை என்று விட்டுவிடுவார்.

ஐப்பசியில் தீபாவளி போனஸ் நேரம். கிளை நிறையக் கூட்டம். மதியத்துக்கு மேல் மழை பிடித்தது பாருங்கள், தெருவைத் தாண்டி இருப்பது தெரியாத மழை. தெருவில் நின்றவர்கள் எல்லாம் எங்கள் பட்டாசலுக்குள் ஓடிவந்து ஏறினார்கள். சாரல் சன்னல் வழியாக நேராக என் மேசைமேல் அடித்தது. ஊரார் நகைகள் பொட்டலம் பொட்டலமாக அங்கேதான் இருந்தன. மேனேஜர் ஓடிவந்து கதவை இழுத்தார், அசையவில்லை. துப்பாக்கிக்காரர் தோள் கொடுத்தார், அசையவில்லை.

அப்போதுதான் தெருவிலிருந்து சத்தம் கேட்டது. அண்ணாச்சி. டீக்கடையிலிருந்து இறங்கி வந்து, எங்கள் கடைசிப் படிக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்.

"ஏலே பட்டாளம், தள்ளாதலே! ஒடஞ்சு போகும்!"

மேனேஜர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். அதுவரை சார் என்று மட்டுமே கூப்பிட்டவர் கத்தினார்.

"அண்ணாச்சி! உள்ள வாங்க! நான் சொல்றேன், வாங்க!"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்ல தம்பி" என்றார் அண்ணாச்சி.

வாசலில் நின்ற கூட்டம் முழுவதும் அவரைக் கூப்பிட்டது. கம்பெனிப் பெண்கள் கையை நீட்டினார்கள். அவர் படியில் கால் வைக்கவில்லை. மழையில் நின்றபடியே கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். "கீளப் புடிச்சுத் தூக்குங்க. தூக்கிட்டு இளுங்க. தூக்கி! ஆங், அப்பிடித்தான்." தூக்கி இழுத்தோம். கதவு இரண்டும் வந்து பொருந்திக்கொண்டன. வெளியே அவர் என்ன செய்தார் என்று அதற்குப் பிறகு தெரியவில்லை. நான் நனைந்த பொட்டலங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெயில். சன்னல் கதவைத் திறக்கப் போனால் வரவில்லை. மழையில் மரம் ஊதி இறுகிவிட்டது. ஆசாரியைக் கூப்பிடுவோம் என்றேன். மேனேஜர் யோசித்தார். ஏ.சி. காற்று அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே போகாமல் நின்றிருந்தது. "இருக்கட்டும் மேடம். இதுவும் நல்லதுதான்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

டீக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி பெஞ்சின் அதே முனையில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரில் சாத்திய சன்னல் கதவு. என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

"நல்லாச் சாத்திருக்கீக தாயி" என்றார். "இனி ஒரு சொட்டு உள்ள போகாது."